வாங்க ஆளில்லாமல் போன பழங்கொடிகள்: லோடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கலிஃபோர்னியாவின் லோடை பகுதியில் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டம் 2022 முதல் 2025 வரை கடந்து வந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தின் பெயரும் அவர்களிடம் பழம் வாங்கியவர்களின் பெயரும் தரப்படவில்லை. தோட்டத்தின் வரவு செலவு எண்கள் அவர்கள் பகிர்ந்தவை. படிக்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன். அமெரிக்க ஒயின் உலகில் இன்று அதிகம் பேசப்படுவது விற்பனைச் சரிவு. அந்தச் சரிவு ஒரு தோட்டத்துக்குள் நுழையும்போது எந்த வரிசையில் என்னென்ன நடக்கிறது என்பதை இந்த நிகழ்வு நன்றாகக் காட்டுகிறது.

பின்னணி

சாக்ரமெண்டோவுக்குத் தெற்கே, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 90 மைல் கிழக்கே இருக்கிறது லோடை. மோகெலம்னி ஆறு கொண்டுவந்து சேர்த்த மணற்பாங்கான மண். பகலில் நல்ல வெயில், மாலையில் சாக்ரமெண்டோ ஆற்று டெல்டா பக்கமிருந்து குளிர்காற்று. ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி உலகம் முழுக்கத் திராட்சையை அழித்தது. ஆனால் மணலில் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. அதனால்தான் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் மிகப் பழைய கொடிகள் இங்கே மிஞ்சியிருக்கின்றன. 1886-ல் நட்ட சின்சோ வகைத் திராட்சைக் கொடிகள்கூட இந்த ஊரில் இன்னும் காய்க்கின்றன.

குடும்பத்தின் நிலம் 64 ஏக்கர். அதில் 18 ஏக்கரில் பழைய ஜின்ஃபண்டேல், ஒயினுக்கான கருந்திராட்சை வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் தாத்தா நட்டது. கம்பி கிடையாது, பந்தல் கிடையாது. தொடை கனத்தில் தண்டு, இடுப்பு உயரத்தில் நாலைந்து கிளை, ஒவ்வொரு கொடியும் தானே நிற்கும். மீதி 46 ஏக்கர் 1990-களின் கடைசியில் கம்பி கட்டி, சொட்டுநீர் போட்டு, இயந்திரம் உள்ளே போகும்படி நட்டது: 26 ஏக்கர் ஜின்ஃபண்டேல், 20 ஏக்கர் மெர்லோ என்ற இன்னொரு கருந்திராட்சை வகை.

நிலத்தைப் பார்ப்பவர்கள் இருவர். எழுபதைத் தாண்டிய அப்பா, நாற்பதுகளில் இருக்கும் மகள். அப்பா சிறுவனாக இருந்தபோதே பழைய கொடிகளில் கவாத்து பழகியவர். மகள் வெளியே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். கணக்கும் விற்பனையும் அவர் பொறுப்பு.

பழைய கொடிகள் இத்தனை காலம் பிழைத்ததற்கு ஒரு காரணம், பலர் மதிக்காத ஒரு ஒயின். 1975-ல் நாபா பள்ளத்தாக்கின் சட்டர் ஹோம் ஒயின் ஆலையில் தயாரிப்பாளர் பாப் டிரிஞ்சேரோவின் ஒரு தொட்டி ஜின்ஃபண்டேல் நொதித்தல் பாதியில் நின்று, சர்க்கரை மிச்சமிருந்த இளஞ்சிவப்பு ஒயினாகிவிட்டது. அதை அப்படியே விற்றார். ஒயிட் ஜின்ஃபண்டேல் என்ற பெயரில் 1980-களில் அமெரிக்கா முழுக்க அது பரவியது. பிடுங்கப்பட வேண்டிய நிலையில் இருந்த ஜின்ஃபண்டேல் தோட்டங்களுக்கு வாங்க ஆள் கிடைத்தது. ரசனையாளர்கள் ஏளனம் செய்த அந்த இனிப்பு ஒயின் இல்லையென்றால், இன்று போற்றப்படும் பழங்கொடிகளில் பெரும்பகுதி நமக்கு மிஞ்சியிருக்காது. இந்தக் குடும்பமும் அந்த அலையில்தான் ஒரு பெரிய ஒயின் நிறுவனத்தோடு ஒப்பந்தத்துக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்த ஒரே நிறுவனம்தான் அத்தனை பழத்தையும் வாங்கியது.

அந்த ஒப்பந்தத்தில் பழைய கொடிக்கு இளங்கொடியைவிட டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, சுமார் 120 டாலர் அதிகம். அந்தப் பழமும் பெரும்பாலும் பெரிய தொட்டியில் மற்றதோடு கலந்துதான் போனது. பாட்டிலில் தோட்டத்தின் பெயர் ஒருபோதும் வந்ததில்லை.

ஒப்பந்தம் நின்றது

2022 அறுவடை முடிந்த சில வாரங்களில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜின்ஃபண்டேல் ஒப்பந்தம், பழையது புதியது இரண்டுமே, புதுப்பிக்கப்படாது. மெர்லோவுக்கு மட்டும் 2024 வரை காலம் பாக்கி.

கடிதம் வந்தது அதிர்ச்சிதான், ஆனால் அறிகுறிகள் முன்பே இருந்தன. விலை குறைந்த ஒயின்களின் விற்பனை சில ஆண்டுகளாகவே தேய்ந்துகொண்டிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் குடிப்பது கூடியதால் அது கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தது. பிறகு மொத்த விற்பனையே இறங்கியது. வயதான வாடிக்கையாளர்கள் குறைத்துக்கொண்டார்கள். இளையவர்கள் டப்பாவில் வரும் கலவை பானங்களுக்கும் டெக்கீலாவுக்கும் போனார்கள், அல்லது குடிப்பதையே விட்டார்கள். ஆலைகளின் தொட்டிகளில் பழைய ஒயின் தேங்கியது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது, லோடை விவசாயிகள் கசப்போடு சொல்வது. சிலி, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து மொத்தமாக, பெரிய பிளாஸ்டிக் பைகளில் 24,000 லிட்டர் அளவில் ஒயின் இறக்குமதியாகிறது. இறக்குமதி செய்யும் நிறுவனம் அதற்கு இணையான ஒயினை ஏற்றுமதி செய்தால், கட்டிய சுங்க வரியிலும் ஆயத்தீர்வையிலும் 99 விழுக்காட்டைத் திரும்பப் பெறச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 'கலிஃபோர்னியா' என்று லேபிளில் போட வேண்டுமானால் பழம் முழுக்க மாநிலத்துக்குள்ளேயே விளைந்திருக்க வேண்டும். 'அமெரிக்கா' என்று மட்டும் போட்டால் நாலில் மூன்று பங்கு உள்நாட்டுப் பழம் போதும். மலிவு ஒயின் செய்யும் பெரிய நிறுவனத்துக்கு லோடை பழத்தை விட்டுவிட இது போதுமான இடம் தருகிறது. தேவை குறைந்ததே சரிவின் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் சரிவின் சுமை யார் தலையில் முதலில் இறங்க வேண்டும் என்பதை இப்படிப்பட்ட விதிகள்தான் தீர்மானிக்கின்றன.

2023 வசந்தம் முழுக்க மகள் வேறு ஆலைகளுக்குப் போன் செய்தார். தரகர்களிடம் பட்டியலிட்டார். பெரிய ஆலைகள் எல்லாமே ஒரே பதிலைத்தான் தந்தன: இந்த ஆண்டு புதிதாக எதுவும் எடுக்கவில்லை.

2023 அறுவடை

வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தும் அந்த ஆண்டு முழுப் பராமரிப்பும் செய்தார்கள். கவாத்து, களை, கந்தகத் தூள், தளிர் கிள்ளுதல் எல்லாமே. அந்தச் செலவில் பெரும்பகுதி ஜூலைக்குள் போய்விட்டது. 'ஆகஸ்ட்டில் யாராவது வருவார்கள்' என்பதுதான் அடிப்படை. கடந்த காலத்தில் அப்படி வந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

2023 மழை மிகுந்த, குளிர்ந்த ஆண்டு. பழுப்பது பல வாரம் தள்ளிப்போனது, சாம்பல் நோய் எங்கும். விளைச்சலோ அதிகம், மாநிலத்தில் ஒயின் திராட்சை 36 லட்சம் டன்னைத் தாண்டியது. ஏற்கெனவே தேங்கிய சந்தையில் இத்தனை பழம். தரகர் கடைசியாகக் கொண்டுவந்த விலை டன்னுக்கு 300 டாலர்.

கம்பித் தோட்டத்து ஜின்ஃபண்டேலை அந்த விலைக்கே விற்றார்கள். இயந்திரப் பறிப்பும் லாரி வாடகையும் போகக் கையில் கொஞ்சம் நின்றது, சாகுபடிச் செலவில் பாதிகூட வரவில்லை. பழைய கொடிகளுக்கு அந்த வழியும் இல்லை. அவற்றுக்குள் இயந்திரம் போக முடியாது. ஆட்கள் குனிந்து கத்தியால் குலை குலையாக வெட்ட வேண்டும். மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அந்த ஆண்டு மணிக்கு 15.50 டாலர். டன்னுக்கு 260 டாலர் பறிப்புக்கு, மேலே லாரி. பறித்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

ஒரு சிறு ஆலை 6 டன் வாங்கியது, நல்ல விலைக்கு. மீதி 60 டன்னுக்கும் மேலே கொடியிலேயே நின்றது.

ஜின்ஃபண்டேல் குலை நெருக்கமானது. ஒரே குலையில் ஒரு பக்கம் பச்சைக்காய், ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் உலர்ந்த திராட்சை என்று இருக்கும். நெருக்கமான குலைக்குள் ஒரு பழம் வெடித்தால் சாறு கீழே இறங்கிப் பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும். அக்டோபர் நடுவில் அந்த 18 ஏக்கரில் நடந்தால் புளிக்காடி வாசம் தூக்கியது. குளவிகள் மொய்த்தன. அழுகிய குலைகளைக் கவாத்தின்போது தனியாக வெட்டி அப்புறப்படுத்த வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நோய் அடுத்த ஆண்டுக்கும் தங்கும். ஆக, பறிக்காத பழத்துக்கும் கூலி கொடுத்தார்கள்.

பயிர்க் காப்பீடு உதவும் என்று அப்பா எண்ணியிருந்தார். கூட்டரசு பயிர்க் காப்பீடு இயற்கைச் சேதத்துக்குத்தான். வாங்க ஆள் கிடைக்காதது அதில் சேராது.

குளிர்காலத்தில் போட்ட கணக்கு

2024 ஜனவரியில், சாக்ரமெண்டோவில் ஆண்டுதோறும் நடக்கும் யூனிஃபைட் ஒயின் மாநாட்டில் மேடையிலிருந்தே சொன்னார்கள்: கலிஃபோர்னியா இன்னும் பல்லாயிரம் ஏக்கர் கொடிகளைப் பிடுங்கினால்தான் சந்தை சீராகும். அதைக் கேட்டுவிட்டு வந்த மகள், முதல் முறையாக இரண்டு தோட்டங்களின் கணக்கையும் தனித்தனியாகப் போட்டார். அதுவரை ஒரே வங்கிக் கணக்கு, ஒரே லாபம்.

2022 விலையில் கம்பித் தோட்டம் ஏக்கருக்கு 9 டன், டன் 600 டாலர், வரவு 5,400. செலவு 4,300. ஏக்கருக்கு 1,100 டாலர் மிச்சம். பழைய கொடிகள் ஏக்கருக்கு மூன்றரை டன், டன் 720 டாலர், வரவு 2,520. செலவு 3,200. அதாவது நல்ல ஆண்டிலேயே பழைய கொடி ஏக்கருக்கு 680 டாலர் நட்டத்தில் ஓடியிருக்கிறது. மொத்தத்தில் 12,000 டாலருக்கு மேல். கம்பித் தோட்டத்து லாபம் அதை மூடி மறைத்தது.

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பேன். எல்லோரும் பெருமையாகப் பேசும் பழங்கொடிகளை அதுவரை தாங்கியது சந்தை அல்ல. பக்கத்தில் இருந்த சாதாரணத் தோட்டம். அது சாய்ந்ததும் பழங்கொடியைத் தாங்க எதுவும் இல்லை. லோடையில் பல குடும்பங்களின் நிலை இதேதான், கணக்கைப் பிரித்துப் பார்க்காததால் தெரிவதில்லை.

யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பிடுங்கிவிடலாம் என்றவர் அப்பா. "கொடிக்கு வயசாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. விலைச் சீட்டுல அந்த வயசுக்கு விலை எங்கே?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றவர் மகள், ஆனால் வாங்குபவர் பெயர் எழுதப்படாத ஏக்கருக்கு இனி முழுச் செலவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு.

முடிவுகளும் காரணங்களும்

கம்பித் தோட்டத்து 26 ஏக்கர் ஜின்ஃபண்டேலை உடனே பிடுங்குவது என்று தீர்மானித்தார்கள். தனித்த அடையாளம் எதுவும் இல்லாத பழம். மலிவாக விளைவிப்பது மட்டுமே அதன் பலம், அந்தப் பலத்துக்கு இப்போது சந்தை இல்லை. இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

பிடுங்குவதிலும் செலவு உண்டு. முன்பெல்லாம் கொடிகளைக் குவித்துத் தீ வைப்பார்கள். சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் காற்று மாசைக் குறைக்க, விவசாயக் கழிவுகளை எரிப்பது 2025 ஜனவரி 1 முதல் அநேகமாக முழுவதுமே நிறுத்தப்பட்டது. அந்தத் தேதிக்கு முன் எரித்துவிடலாமா என்ற யோசனை வந்தது. மகள் வேண்டாம் என்றார். அரைத்து மண்ணில் சேர்ப்பதற்கு மானியம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம், பக்கத்தில் வீடுகள் இருந்தது இன்னொரு காரணம். ஆனால் கம்பித் தோட்டத்தை அரைப்பது எளிதல்ல. மைல் கணக்கில் கம்பியைச் சுற்றி எடுக்க வேண்டும், இரும்புக் கம்பங்களைப் பிடுங்க வேண்டும், மருந்தேற்றிய மரக்கம்பங்களைத் தனியாகக் கழிக்க வேண்டும். ஒரு துண்டுக் கம்பி அரவை இயந்திரத்துக்குள் போனால் வேலை நின்றுவிடும். மானியம் போகவும் ஏக்கருக்கு 2,000 டாலருக்கு மேல் கையிலிருந்து போனது.

பிடுங்கிய இடத்தில் பாதாம் வைக்கலாமா என்று பேசினார்கள். பாதாம் விலையும் அப்போது விழுந்து கிடந்தது; போதாததற்கு, 2014-ல் வந்த மாநில நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் வருங்காலத்தில் எப்படி இறுகும் என்று தெரியாத நேரம். இருபத்தைந்து ஆண்டு நிற்கும் மரத்தை நடுவதற்குப் பதில் தீவனப் புல்லுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். வருமானம் சொற்பம், ஆனால் கடன் இல்லை. நல்ல முடிவு.

மெர்லோ 20 ஏக்கரை ஒப்பந்தம் முடியும் வரை வைப்பது.

பழைய 18 ஏக்கரைப் பிரித்தார்கள். மேட்டுப் பக்கம் 11 ஏக்கர், கொடிகள் அநேகமாக முழுசாக நிற்கும் இடம். அதை முழுப் பராமரிப்பில் வைத்து, சிறு ஆலைகளைத் தேடுவது. தாழ்வான 7 ஏக்கரில் இடையிடையே செத்துப்போன கொடிகளின் இடைவெளி, விளைச்சலும் குறைவு. அதை ஓராண்டு உறக்கத்தில் வைப்பது: கவாத்தை ஒட்ட வெட்டி, கந்தகம் மட்டும் அடித்து, பிஞ்சிலேயே குலைகளை உதிர்த்துவிடுவது. கொடி சாகாது, பெரிய செலவும் இல்லை, முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும் என்பது எண்ணம். ஏக்கருக்கு 900 டாலர் ஆனது.

விற்காத பழத்தைத் தாங்களே வேறொரு ஆலையில் கொடுத்து ஒயினாக்கி வைப்பதைப் பற்றியும் ஒரு தரகர் சொன்னார். மறுத்துவிட்டார்கள். பழத்துக்கே ஆள் இல்லாதபோது, தொட்டி வாடகையும் கொடுத்து இன்னொரு சரக்கைக் கையில் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அந்த ஆண்டில் அப்படிச் செய்த சிலர் பிறகு மொத்த ஒயினை விற்க முடியாமல் தவித்ததைப் பார்க்கும்போது, இந்த மறுப்பு அவர்களைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

2024: ஏக்கர் கணக்கில் ஒரு ஒப்பந்தம்

மகள் அணுகியது ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டி மட்டுமே செய்யும் ஆலைகளை. லோடையில் அதற்கு ஒரு முன்னோடி உண்டு. 2012 அறுவடையில் ஆறு ஒயின் தயாரிப்பாளர்கள் 'லோடை நேட்டிவ்' என்ற பெயரில், ஒவ்வொருவரும் ஒரே ஒரு பழைய தோட்டத்துப் பழத்தை மட்டும் எடுத்து, வெளி ஈஸ்ட் சேர்க்காமல், புதிய ஓக் பீப்பாயின் மணம் ஏறாமல் ஜின்ஃபண்டேல் செய்தார்கள். தோட்டத்தின் பெயர் லேபிளில் வந்தது. அப்படிப் பெயர் போட்டு விற்பவர்களுக்கு மட்டும்தான் பழங்கொடி என்பது விலையாக மாறுகிறது. 'பழங்கொடி' என்று லேபிளில் போட அமெரிக்கச் சட்டத்தில் வயது வரையறை எதுவும் இல்லை. எவரும் எதற்கும் போடலாம். பழந்தோட்டங்களைப் பட்டியலிடும் வரலாற்றுத் தோட்டச் சங்கம் தன்னளவில் வைத்திருக்கும் அளவுகோல் 50 ஆண்டு. இன்று காய்க்கும் கொடிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது முதலில் நட்ட காலத்தவையாக இருக்க வேண்டும். அது தன்னார்வ ஏற்பாடுதான். சட்டம் வெற்றாக விட்ட இடத்தைத் தோட்டத்தின் பெயரால் நிரப்புவதே விவசாயிக்கு இருக்கும் ஒரே வழி.

ஐந்து சிறு ஆலைகள் வந்தன. விலை டன்னுக்கு 1,500 டாலர், பழைய ஒப்பந்தத்தின் இரு மடங்கு. ஆனால் வேலையும் மாறியது. முன்பு ஒரே நாளில் லாரி லாரியாகப் போன பழம், இப்போது அரை டன் பெட்டிகளில். ஒருவருக்கு 23 பிரிக்ஸ் (சாற்றில் இருக்கும் சர்க்கரையின் அளவு) வந்ததும் வேண்டும், இன்னொருவருக்கு 25-ல். ஒருவர் விடியற்காலை 4 மணிக்குப் பறிக்கச் சொல்வார். ஆட்களைச் சின்னச் சின்ன வேலைக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. செலவு ஏக்கருக்கு 3,200-லிருந்து 3,700 ஆனது.

ஜூலையில் கடும் வெப்பம். கலிஃபோர்னியா பதிவிலேயே மிகச் சூடான மாதம் அது. விளைச்சல் ஏக்கருக்கு இரண்டரை டன்னுக்கு இறங்கியது. மாநிலம் முழுவதும் அந்த ஆண்டு ஒயின் திராட்சை 30 லட்சம் டன்னுக்கும் கீழே போனது, இருபது ஆண்டுகளில் காணாத குறைவு. அப்படியும் விலை ஏறவில்லை. தேவை அந்த அளவுக்கு விழுந்திருந்தது.

இங்கேதான் இந்த நிகழ்வின் மிகப் பயனுள்ள முடிவு. ஐவரில் ஒருவர் தன் 2 ஏக்கருக்கு டன் கணக்கில் இல்லாமல் ஏக்கர் கணக்கில் பணம் தர ஒப்புக்கொண்டார்: ஏக்கருக்கு 4,500 டாலர், விளைவது எவ்வளவோ அவ்வளவும் அவருக்கு. இப்படி எழுதினால் விளைச்சல் குறைவு விவசாயியின் தலையில் விழாது. காய் கழிக்கச் சொன்னால் விவசாயி தயங்க வேண்டியதில்லை. டன் கணக்கில் இருப்பவரிடம் 'குலைகளில் பாதியை வெட்டிப் போடு' என்றால் அது அவர் வருமானத்தையே வெட்டிப் போடச் சொல்வது. குறைவாகக் காய்ப்பதே பழங்கொடியின் இயல்பு. அதற்குப் பொருந்திய அளவுகோல் ஏக்கர்தான்.

அந்த ஆண்டுக் கணக்கு: 2 ஏக்கரிலிருந்து 9,000 டாலர், மீதி 9 ஏக்கரில் விற்ற 18 டன்னுக்கு 27,000. செலவு 40,700. இன்னும் நட்டம்தான், ஆனால் பழைய ஒப்பந்தக் காலத்து நட்டத்தைவிடக் குறைவு. விற்காமல் நின்றது 4 டன்னுக்குச் சற்று அதிகம்.

உறக்கத்தில் வைத்த 7 ஏக்கர் வேறு கதை. தெற்குப் பக்கத்துத் தோட்டத்தைச் சொந்தக்காரர் கவாத்தும் செய்யாமல் பிடுங்காமலும் கைவிட்டிருந்தார். அங்கே பெருகிய மாவுப்பூச்சி எறும்புகளின் துணையோடு வேலியைத் தாண்டியது. மாவுப்பூச்சி வெறும் பூச்சியாக இருந்தால் சமாளிக்கலாம். இலைச்சுருள் வைரசையும் அது சுமந்து வரும். செப்டம்பரில் 7 ஏக்கரில் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் சிவந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு நின்றன. பரிசோதனைக்கு அனுப்பியதில் வைரஸ் உறுதியானது. எல்லாத் தொற்றும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்ததாகச் சொல்ல முடியாது. சில கொடிகளில் பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். வைரஸுக்கு மருந்து கிடையாது. மேட்டு 11 ஏக்கருக்கு ஏறாமல் தடுக்க வேண்டுமானால் தாழ்வான 7 ஏக்கரை எடுத்தாக வேண்டும்.

2025

பிப்ரவரியில் 7 ஏக்கரையும் பிடுங்கினார்கள். இந்த முறை ஏக்கருக்கான செலவு கம்பித் தோட்டத்தைவிடக் கணிசமாகக் குறைவு. சுற்றி எடுக்கக் கம்பி இல்லை, பிடுங்கக் கம்பம் இல்லை. எழுபது ஆண்டுக்கு மேல் நின்ற கொடிகள்தான் மிகச் சுலபமாகப் போயின. லோடையில் பழங்கொடிகள் மளமளவென்று மறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது வெளியே அதிகம் தெரியாது. மானியம் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. தண்டுகளில் ஒரு பகுதியை இறைச்சி சுடும் விறகுக்காக ஒருவர் வாங்கிக்கொண்டார், மீதி மண்ணுக்கே போனது. மெர்லோ ஒப்பந்தமும் முடிந்திருந்ததால் அந்த 20 ஏக்கரும் அதே மாதத்தில் போனது. 64 ஏக்கரில் 11 மிஞ்சியது.

மார்ச்சில், சுங்க வரிச் சண்டையில் கனடாவின் மாகாணங்கள் அமெரிக்க மதுவகைகளைக் கடை அலமாரியிலிருந்து எடுத்தன. அதுவரை அமெரிக்க ஒயினுக்குக் கனடாதான் மிகப் பெரிய வெளிச்சந்தையாக இருந்தது. ஐந்து ஆலைகளில் ஒன்று அங்கே கணிசமாக விற்று வந்தது. 5 டன் சொன்னவர்கள் 2 டன்னுக்கு இறங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் சரக்கே கிடங்கில் நின்றது.

ஆனால் ஏக்கர் கணக்கு ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆலைகளோடு கையெழுத்தானது. மொத்தம் 6 ஏக்கர், அதே 4,500 டாலர், மூன்று ஆண்டுக்கு. மகள் அதில் இரண்டு நிபந்தனை சேர்த்தார்: பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து முடிந்ததும் வர வேண்டும், தோட்டத்தின் பெயர் லேபிளில் வர வேண்டும். இரண்டாவதைத்தான் ஆலைகள் உடனே ஏற்றன, முதலாவதற்குப் பேச்சு நீண்டது.

அறுவடை முடிந்ததும் கணக்கு: 6 ஏக்கரிலிருந்து 27,000 டாலர், மீதி 5 ஏக்கரில் விற்ற 10 டன்னுக்கு 14,000. வரவு 41,000, செலவு 40,700. கை கடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை வைத்துக் குடும்பம் வாழ முடியாது. மகள் வெளியே பகுதிநேர வேலைக்குப் போகிறார், குத்தகைப் பணம் நிலவரிக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் பழங்கொடி தன் செலவைத் தானே ஏற்றது, தனிக்கணக்கு வைத்த காலத்தில் இதுதான் முதல் முறை.

எதை வேறு மாதிரி செய்திருப்பார்கள்

2023-ல் வாங்குபவர் இல்லாமல் 18 ஏக்கருக்கும் முழுச் செலவு செய்ததுதான் மிகப் பெரிய இழப்பு. கடிதம் வந்தது 2022 இலையுதிர் காலத்தில், கவாத்து ஜனவரியில். நடுவில் இருந்த வாரங்களில் தனிக்கணக்கைப் போட்டிருந்தால், உறக்கத்தில் வைக்கும் முடிவு ஓராண்டு முன்பே வந்திருக்கும். மகளும் இதைத்தான் முதலில் சொல்கிறார்.

7 ஏக்கருக்குச் செலவிட்ட 6,300 டாலரும் வீண். ஒரு வைரஸ் பரிசோதனை சில நூறு டாலர்தான். உறக்கத்தில் வைப்பதற்கு முன் கொடி நோயற்றது என்று உறுதி செய்துகொள்வது அவசியம். இல்லையென்றால் அது பிடுங்குவதைத் தள்ளிப்போடும் செலவு மட்டுமே. அப்புறம், பக்கத்தில் கைவிட்ட தோட்டம் இருந்தால் உறக்கத் திட்டம் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது ஆலோசகரின் கருத்து. நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒரே நிறுவனத்துக்கு முப்பது ஆண்டு விற்றதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிறுவனம்தான் இந்தக் கொடிகளை 2022 வரை மண்ணில் வைத்தது. ஆனால் நல்ல ஆண்டுகளிலேயே 2 டன், 3 டன் அளவில் ஒரு சிறு ஆலைக்குக் கொடுத்திருந்தால் தோட்டத்தின் பெயர் ஏதாவது ஒரு பாட்டிலில் ஏறியிருக்கும். பெயர் பரவ ஆண்டுகள் ஆகும். நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் அந்த ஆண்டுகளைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அப்பா பிடுங்கச் சொன்னது தவறு என்றும் நான் நினைக்கவில்லை. அவர் கேட்ட கேள்விதான் ஏக்கர் கணக்கு ஒப்பந்தத்துக்கு வழி காட்டியது.

டன் கணக்கில் இருக்கும் 5 ஏக்கருக்கு இப்போது ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முடிவதற்குள், கவாத்து நடக்கும்போதே, எந்த வரிசை யாருக்கு என்று காகிதத்தில் பெயர் எழுதப்பட வேண்டும். பெயர் விழாத வரிசைகளுக்கு அந்த ஆண்டு ஒட்டவெட்டும் கந்தகமும் மட்டும். தொடர்ந்து இரண்டு ஆண்டு பெயர் விழவில்லை என்றால் அந்த வரிசைகளைப் பிடுங்குவது என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.